குடும்ப மரம்: குடியை எந்தக் கட்டத்தில் போடுவது? (கிராம்ப்ஸ், மட்டக்களப்பு – அம்பாறை)

வாவிக்கரை:
கிராம்ப்ஸ் என்ற குடும்ப மர மென்பொருளில் அறுநூறு பேருக்கு மேல் ஏற்றியிருக்கிறது. ஆள் கூடக் கூட ஒழுங்கு குலைகிறது. பெரிய சிக்கல் குடி, அதாவது குலப் பிரிவு. எங்கட பக்கம் பிள்ளைக்குத் தாயின் குடிதான். மென்பொருளோ பிள்ளையைச் சேர்த்தவுடன் தகப்பன் பக்கத்துப் பெயரைச் சர்நேம் (குடும்பப் பெயர்) கட்டத்தில் தானாகக் கொண்டுவந்து வைக்கிறது. குடியைச் சர்நேமாகப் போடுவதா, குறிப்பில் எழுதிவிடுவதா?

இன்னும் இரண்டு இருக்கிறது. 1935இல் காரைதீவில் பிறந்தவருக்கு மட்டக்களப்பு மாவட்டம் என்று போடுவதா, அம்பாறை என்று போடுவதா? மற்றது, பட்டியலில் கண்ணுக்கு முன்னால் நிற்கிற பொன்னம்மாவைத் தேடல் கட்டத்தில் அடித்தால் அப்படி ஒருவர் இல்லை என்கிறது. பட்டியலின் ஒரு பகுதி முன்பு பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்து வைத்திருந்தது.

எருவில்பற்று:
தம்பி, முதல் வேலை தானாக நிரப்புவதை நிறுத்துவது. எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ் திறந்தால் 'சர்நேம் கெஸ்ஸிங்' என்று ஒரு தெரிவு இருக்கும். அதை 'நன்' ஆக்குங்கள். இதைச் செய்யாமல் நூறு பிள்ளைகளை ஏற்றினால் நூறு பேருக்கும் பாட்டனின் பெயர் ஒட்டிவிடும். மறுகா ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும்.

எங்கட பெயரில் சர்நேம் என்று ஒன்று கிடையாது, முன்னால் நிற்கிற எழுத்து தகப்பனின் பெயர். இட்ட பெயரைக் 'கிவன்' கட்டத்திலும், தகப்பனின் பெயரை முழுதாகச் 'சர்நேம்' கட்டத்திலும் எழுதி, பக்கத்திலுள்ள 'ஒரிஜின்' பட்டியலில் 'பேட்ரோனிமிக்' (தகப்பன் பெயரால் வந்தது) தெரியுங்கள். முதலெழுத்தை மட்டும் போட வேண்டாம். 'க.' என்றால் கந்தையாவா கணபதிப்பிள்ளையா என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. கலியாணத்துக்குப் பிறகு புருசனின் பெயரை முன்னெழுத்தாக வைத்த பெண்களுக்கும் தகப்பன் பெயரே முதன்மைப் பெயரில் நிற்க வேண்டும். புருசன் பெயரோடு வருவதை 'நேம்ஸ்' தாளில் 'மேரிட் நேம்' வகையில் இரண்டாவது பெயராகச் சேர்த்தால் இரண்டும் தேடலில் அகப்படும்.

குடிக்கும் அங்கேயே வழி இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சர்நேம் வைக்கலாம். இரண்டாவதாகக் குடியை எழுதி ஒரிஜினில் 'மேட்ரிலினியல்' (தாய்வழி) தெரிந்துவிடலாம்.

படுவான்:
எருவில் அண்ணே, மற்றதெல்லாம் சரி, குடியைச் சர்நேமாக வைப்பதை மட்டும் ஒத்துக்கொள்ள ஏலாது. கிராம்ப்ஸுக்குள் இருக்கும்வரை அது வடிவாக இருக்கும். குடும்ப மரங்களைப் பரிமாறும் பொது வடிவமான ஜெட்கொம் கோப்பாக வெளியே எடுத்தவுடன் ஒரிஜின் விபரம் போய்விடும், ஏனென்றால் ஜெட்கொம்மில் அதற்கு இடமே இல்லை. மிஞ்சுவது தகப்பன் பெயரும் குடியும் ஒட்டிய நீளமான ஒரு சர்நேம். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் அதை வேறு மென்பொருளில் திறந்தால் அண்ணன் ஒரு குடும்பம், அவருடைய மகன் வேறு குடும்பம் என்று அகரவரிசையில் சிதறிவிடும்.

குடி என்பது பெயரின் பகுதி அல்ல, ஆளின் தகுதி. ஆகவே 'அட்ரிபியூட்ஸ்' தாளில் 'குடி' என்று புதிய வகை ஒன்றை எழுதி, மதிப்பில் குடிப்பெயரைப் போடுங்கள். ஜெட்கொம்மில் அது பொதுத் தகவல் ஒன்றாக, 'குடி' என்ற வகைப்பெயரோடு போகும். வயிற்றுவார் (குடிக்குள் வரும் தாய்வழிக் கிளை) தெரிந்தால் அதற்குத் தனி அட்ரிபியூட். கூடவே உள்ள 'காஸ்ட்' வகையைக் குடிக்குப் பாவிக்க வேண்டாம். சாதி வேறு, குடி வேறு, ஒரு சாதிக்குள்ளேயே பல குடி. இன்னொன்று: அட்ரிபியூட்டுக்கும் சான்று இணைக்கலாம். இந்தக் குடி என்று யார் சொன்னது, எந்தக் கோயிலின் திருவிழாப் பட்டியலில் இருந்தது என்பது அந்த வரியோடேயே நிற்கும். சர்நேமில் அந்தத் தெளிவு வராது, சான்று முழுப் பெயருக்கும் சேர்ந்தே ஒட்டும்.

எழுத்துக்கூட்டலை முதலே முடிவுசெய்து கொள்ளுங்கள். காலிங்காகுடி, கலிங்ககுடி, காலிங்கா குடி என்று மூன்று விதமாக எழுதினால் மென்பொருளுக்கு அது மூன்று குடி.

எருவில்பற்று:
ஜெட்கொம் விசயத்தில் படுவான் சொல்வது சரி. அட்ரிபியூட்டே போகட்டும். அப்படி வைத்தால் பிழை பிடிக்கவும் வசதி. தாயின் குடியும் பிள்ளையின் குடியும் பொருந்தாதவர்களைக் கண்டுபிடிக்க ஆயத்தமான கருவி கிடையாது. மூன்று வடிகட்டி கட்ட வேண்டும். உதாரணத்துக்குப் படையாண்டகுடியை எடுப்போம்.

முதலாவது வடிகட்டியில் இரண்டு விதி: பெண்கள், குடி அட்ரிபியூட் படையாண்டகுடி. இரண்டாவதில் அதே அட்ரிபியூட் விதி மட்டும், ஆனால் கீழே உள்ள 'விதிக்குப் பொருந்தாதவற்றைத் தா' என்ற பெட்டியில் சரி போட வேண்டும். அந்தத் தலைகீழாக்கல் முழு வடிகட்டிக்கும் பொருந்துமே தவிர தனி விதி ஒன்றுக்குப் பொருந்தாது, அதனால்தான் இதைத் தனியாக வைப்பது. மூன்றாவதில் 'முதலாவது வடிகட்டிக்குப் பொருந்துவோரின் பிள்ளைகள்', 'இரண்டாவது வடிகட்டிக்குப் பொருந்துவோர்' என இரண்டு விதி, இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும். வருகிற பட்டியலில் குடி இன்னும் எழுதாதவர்களும் இருப்பார்கள், பிழையாக எழுதியவர்களும் இருப்பார்கள். எழுதாதவர்களுக்கு நிரப்பும்போது தாயிடமிருந்து ஊகித்தது என்று சான்றில் சொல்லி, நம்பகத்தை 'லோ' என்று வையுங்கள்.

புருசனுக்கும் பெண்சாதிக்கும் ஒரே குடி வந்தாலும் நின்று பார்க்க வேண்டும். ஒரே குடிக்குள் முடிக்கக் கூடாது என்பது முறை. மீறிய கலியாணங்களும் உண்டு. ஆனால் பழைய தலைமுறையில் அப்படி வந்தால் பெரும்பாலும் ஒருவரின் தாயைப் பிழையாக இணைத்திருப்பீர்கள்.

சம்மாந்துறை காக்கா:
குடி எண்டால் தமிழ் ஆக்களுக்கு மட்டும் எண்டு நினைக்க வேணாம். இஞ்ச கிழக்கில எங்கட ஆக்களுக்கும் குடி தாய்வழிதான், பள்ளிவாசலில் நிர்வாகம் பார்க்கிற மரைக்காயர்மாரும் குடிப்படி வந்தவர்கள்தான். படுவான் சொன்ன அட்ரிபியூட் முறை எங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

எங்கட பெயரில் வேற பிரச்சினை இருக்கு. லெப்பை, லெவ்வை எண்டு ஒரே ஆளுக்கு இரண்டு விதமாகப் பத்திரத்தில் வரும். மீராலெவ்வை ஒரு பத்திரத்தில், மீரா லெப்பை இன்னொன்றில். பிறப்புப் பதிவில் உள்ளதை முதன்மையாக வைத்து, மற்ற எழுத்துக்கூட்டல் ஒவ்வொன்றையும் மாற்றுப் பெயராக, அது எந்தப் பத்திரத்தில் வந்தது எண்டு சான்றோடு போடுங்க. ஆங்கிலப் பத்திரத்தில் உள்ளதும் அப்படியே, எழுத்து மாற்றாமல், இன்னொரு மாற்றுப் பெயர்.

நிக்காஹ் பதிவில் கவனிக்க வேண்டியது வலி, அதாவது பெண்ணின் சார்பில் நிக்காஹை முடித்துக் கொடுக்கிற பொறுப்பாளர். பெண்ணின் தகப்பன் உயிரோட இருந்தால் அவர்தான் வலியாக நிற்பார். நானாவோ (அண்ணன்) சாச்சாவோ (சித்தப்பா) வலியாக நிண்டிருந்தால், தகப்பன் அதுக்கு முதல் மௌத்தாகியிருக்கலாம் எண்டு ஒரு தடயம். முடிவு இல்ல, தடயம். இதைத் தொலைக்காமல் வைக்கிறதுக்குக் கலியாண நிகழ்வை வலியாக நிண்டவருக்கும் பகிர்ந்து, பங்கு கட்டத்தில் 'வலி' எண்டு எழுதலாம். ஜெட்கொம்மாக எடுக்கும்போது இந்தப் பங்கு விபரம் போகாது, அதனால நிகழ்வின் விவரிப்பு வரியிலும் ஒருக்கா எழுதி வைங்க.

ஹிஜ்ரித் தேதியை ஆங்கிலத் தேதிக்கு மாற்றிப் போட வேணாம். தேதிக் கட்டத்தின் பக்கத்துப் பொத்தானை அமத்தினால் இஸ்லாமிய நாட்காட்டியைத் தெரியலாம், பத்திரத்தில் உள்ளதை அப்படியே போடுங்க. மென்பொருள் கணக்குப்படி மாற்றும், இஞ்ச பிறை பார்த்துத்தான் மாதம் தொடங்கும், ஒரு நாள் இரண்டு நாள் வித்தியாசம் வரும். மஃரிபுக்குப் (பொழுது சாயும் தொழுகை நேரம்) பிறகு பிறந்த பிள்ளைக்கு அடுத்த ஹிஜ்ரி நாள் எண்டதையும் மறக்க வேணாம்.

புளியந்தீவு:
மாவட்டக் கேள்விக்கு விடை: இரண்டும். அம்பாறை மாவட்டம் 1961 ஏப்ரலில் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. காரைதீவு என்ற ஊரை ஒரே ஒரு இடமாக உருவாக்கி, இடத் திருத்தியில் 'என்க்லோஸ்ட் பை' தாளில் இரண்டு வரி சேருங்கள்: மட்டக்களப்பு மாவட்டம், 1961 ஏப்ரலுக்கு முன், அம்பாறை மாவட்டம், 1961 ஏப்ரல் முதல். பிரிஃபரன்சஸில் இடத் தலைப்பைத் தானாக உருவாக்கும் தெரிவு இயங்கினால், 1935 பிறப்புக்குக் காரைதீவு, மட்டக்களப்பு என்றும் 1970 கலியாணத்துக்குக் காரைதீவு, அம்பாறை என்றும் நிகழ்வின் தேதியைப் பார்த்து அதுவே காட்டும். இரண்டு காரைதீவு உருவாக்கினால் அந்த ஊர் ஆட்கள் இரண்டாகப் பிரிந்து போவார்கள். புத்தளத்திலும் ஒரு காரைதீவு உண்டு, யாழ்ப்பாணத்துக் காரைநகரின் பழைய பெயரும் காரைதீவுதான். ஆகவே அகலாங்கு நெட்டாங்கு கட்டாயம். இடம் இன்னும் துல்லியமாகத் தெரியாமல், 'படுவான்கரைப் பக்கம்' (வாவியின் மேற்குக் கரை) என்று மட்டும் சொல்லப்பட்டால், படுவான்கரையைப் பிரதேச வகை இடமாக வைத்து அதையே போடுங்கள். ஊகித்து ஒரு ஊரை எழுத வேண்டாம்.

சான்றை ஒழுங்குபடுத்தும் முறை. 'ரெப்போசிட்டரி' என்பது பத்திரம் இருக்கிற இடம்: பிரதேச செயலகம், காணிப் பதிவகம், தேவாலயம். 'சோர்ஸ்' என்பது பதிவேடு: இன்ன பதிவாளர் பிரிவின் பிறப்புப் பதிவேடு. 'சைட்டேஷன்' என்பது அதிலுள்ள ஒரு பதிவு: பதிவு இலக்கம், தேதி. ஒவ்வொரு சான்றிதழையும் தனித்தனிச் சோர்ஸாக ஏற்றினால் அறுநூறு ஆளுக்கு ஆயிரம் சோர்ஸ் வந்து நிற்கும், எது எந்தப் பதிவேட்டிலிருந்து வந்தது என்று பார்க்க முடியாது.

சிவில் பதிவு இலங்கையில் 1867இல் தொடங்கியது. அதற்கு முந்திய கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேவாலய ஏடுதான் வழி. மெதடிஸ்த மிசன் மட்டக்களப்புக்கு வந்தது 1814இல். பறங்கியர் குடும்பங்களுக்கு உண்மையான குடும்பப் பெயர் இருப்பதால் அவர்களுக்கு ஒரிஜினில் 'இன்ஹெரிட்டட்' போடலாம்.

இனி முக்கியமான இடம். எங்கள் நீண்ட பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் பெயர், பிறந்த தேதி, இடம் உண்டு, பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் உண்டு. ஒரு தாளிலேயே தகப்பன் பக்கம் மூன்று தலைமுறை கிடைக்கும். தாய்க்கோ அவருடைய விபரம் மட்டும், அவரின் தாய் யார் என்று அதில் இல்லை. குடிவழியைத் தேடுகிறவருக்கு வேண்டியது அதுதான். ஆகவே ஒவ்வொரு படிக்கும் தாயின் சொந்தப் பிறப்புப் பதிவை எடுக்க வேண்டும், பிறகு அவரின் தாயுடையது.

அது இல்லாத இடத்தில் சீதன உறுதி, அதாவது சீதனக் காணிப் பத்திரம். வீடும் வளவும் மகளுக்குக் கொடுக்கிற நாடு இது. நன்கொடை உறுதியில் கொடுக்கிற தாய் தகப்பன், வாங்குகிற மகள், சில நேரம் மருமகன் என்று எல்லாரும் பெயரோடு இருப்பார்கள். காணி இவருக்கு எப்படி வந்தது என்ற பகுதியில் 'தாயின் சீதனமாக' என்று முந்திய உறுதியின் இலக்கமும் தேதியும் நொத்தாரிசின் பெயரும் வரும். அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு காணிப் பதிவகத்தில் அடுத்த படிக்கு ஏறலாம். நாலெல்லையையும் தட்டெழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக் காணிக்காரி பல நேரம் அக்காவோ தங்கச்சியோ தான்.

வாவிக்கரை:
அக்கா, பிறப்புப் பதிவே இல்லாத பழைய ஆட்களுக்கு அடையாள அட்டை மட்டும் இருக்கிறது. அதை வைத்துத் தேதி போடலாமா?

புளியந்தீவு:
போடலாம், ஒரு பொறி இருக்கிறது. பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணுக்கு 500 கூட்டியிருக்கும். 45723 என்று தொடங்கினால் 1945, பெண், 223ஆம் நாள். எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்துத்தான் அட்டையில் எண்ணுவார்கள். அப்படி எண்ணினால் ஓகஸ்ட் 10. சாதாரண ஆண்டு நாட்காட்டியில் எண்ணினால் ஓகஸ்ட் 11 என்று வரும், அது பிழை. சாதாரண ஆண்டுகளில் மார்ச் முதல் பிறந்தவர்களுக்கெல்லாம் ஒரு நாள் பிசகுவது இதனால்தான்.

அட்டையிலுள்ள தேதி உத்தேச வயதுச் சான்றிதழிலிருந்து வந்திருக்கவும் கூடும். அப்படியென்றால் தேதியின் தரத்தை 'எஸ்டிமேட்டட்' என்று வையுங்கள். அட்டை இலக்கத்தை மரத்தில் எழுதியே ஆக வேண்டுமானால் பூட்டு அடையாளத்தை அமத்தித் தனிப்பட்டது ஆக்குங்கள்.

படுவான்:
சாதகக் குறிப்பும் இருக்கும், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். யுவ என்றால் 1875, 1935, 1995 மூன்றும் யுவ. எது என்பதைப் பிள்ளைகளின் வயதை வைத்துத்தான் தீர்மானிக்கலாம். ஆண்டு சித்திரையில் பிறப்பதால் 'யுவ தை' என்பது 1936 சனவரி – பெப்ரவரி, 1935 அல்ல. குறிப்பில் கிழமை இருந்தால் மாற்றிய தேதியின் கிழமையோடு ஒப்பிடுங்கள். குறிப்பிலுள்ள கிழமை ஒரு நாள் முந்தி நின்றால், பிள்ளை விடியப் புறத்தில் பிறந்திருக்கும். சாதகத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கும், ஆங்கிலத் தேதி நடுச்சாமத்தில் மாறும். தமிழ் நாட்காட்டி மென்பொருளில் இல்லை, ஆகவே குறிப்பிலுள்ள வரியை அப்படியே சான்றின் குறிப்பில் எழுதி வைத்துவிட்டு ஆங்கிலத் தேதியைக் 'கல்குலேட்டட்' என்று போடுங்கள்.

வயசானவர்கள் 'புயலுக்கு அடுத்த வருசம்', '57 வெள்ளத்துக்கு முதல்' என்றுதான் சொல்வார்கள். புயல் 1978 நவம்பர் 23, வெள்ளம் 1957 டிசம்பர். '1957 டிசம்பருக்கு முன்' என்று தேதிக் கட்டத்தில் எழுதலாம், 1956 என்று நாங்களாக முடிவு கட்டக் கூடாது.

எருவில்பற்று:
வாய்மொழியில் தேதியை விட உறவுச் சொல்தான் கூடப் பிழை தரும். பெரியம்மாவின் மகனையும் அண்ணன் என்றே சொல்வோம். மாமா என்றால் தாயின் சகோதரன், மாமியின் புருசன், மாமனார் எவராகவும் இருக்கலாம். சித்தப்பா தகப்பனின் தம்பியா, சின்னம்மாவின் புருசனா? 'ஒரே தாய் வயிற்றுப் பிள்ளையா' என்று ஒவ்வொருவருக்கும் தனியாகக் கேட்டு, விடை வரும்வரை 'அசோசியேஷன்ஸ்' தாளில் அவர்கள் சொன்ன சொல்லையே எழுதி வையுங்கள். உறுதியாகும் முன் சகோதரனாக இணைத்துவிட்டால் அவனுடைய முழுக் கிளையும் பிழையான தாயில் தொங்கும், குடியும் சேர்ந்து பிழைக்கும். முஸ்லிம் வீட்டு ஒலிப்பதிவை எழுத்தாக்குகிறவர்கள் கவனிக்க: அங்கே தாத்தா என்றால் மூத்த சகோதரி.

வாவிக்கரை கேட்ட பொன்னம்மா: அது எழுத்துக்குறிச் சிக்கல். 'பொ'வில் உள்ள கொம்பும் காலும் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு தனிக் குறியாகவும் இருக்கலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, தேடலுக்கு இரண்டும் வேறு. பாமினியிலிருந்து மாற்றிய வரிகளில் இது அடிக்கடி வரும். மரத்தைக் கிராம்ப்ஸ் எக்ஸ்.எம்.எல். ஆக ஏற்றுமதி செய்து, அது ஜிசிப்பில் சுருங்கியிருக்கும், விரித்து, பைத்தனில் யூனிகோட் 'நோர்மலைஸ்' செயற்பாட்டை என்.எப்.சி. வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒரே குறியாக்கும் வடிவம்) ஓட்டுங்கள். பிறகு புதிய, வெறுமையான மரம் ஒன்றைத் திறந்து அதில் இறக்குமதி செய்ய வேண்டும். பழைய மரத்துக்குள்ளேயே இறக்க வேண்டாம்.

அது எல்லாவற்றையும் தீர்க்காது. 'ஸ்ரீ' ஸகரத்தில் தொடங்கியும் எழுதப்படும், ஶகரத்தில் தொடங்கியும் எழுதப்படும், 'ஔ'வுக்குப் பதில் ஒகரமும் ளகரமும் அடித்திருப்பார்கள். இவற்றை என்.எப்.சி. ஒன்றாக்காது, கையால் தேடி மாற்ற வேண்டும். இன்னும் மாற்றாத பாமினி வரிகளில் ஆங்கில முதலெழுத்துகள் கலந்திருந்தால் அவற்றைத் தனி நிரலுக்கு நகர்த்திய பிறகே மாற்றியில் போடுங்கள். மாற்றி அவற்றையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிவிடும்.

ஒரே ஆள் இரண்டு முறை ஏறியிருந்தால் கண்டுபிடிக்கும் கருவியில் 'சவுண்டெக்ஸ்' (ஒலிப்பை வைத்துப் பெயரை ஒப்பிடும் முறை) பெட்டியைக் கழற்றிவிடுங்கள். அது ஆங்கில எழுத்துக்குச் செய்தது. தமிழ்ப் பெயருக்கெல்லாம் ஒரே குறியீடு விழும்.

வாவிக்கரை:
இன்னுமொன்று. காணாமல் போனவர்கள் எங்கட மரத்திலும் இருக்கிறார்கள். மரணத் தேதி போடவும் மனமில்லை, விடவும் தெரியவில்லை.

புளியந்தீவு:
இறப்பு நிகழ்வு சேர்க்க வேண்டாம். 'காணாமல் போனது' என்று புதிய நிகழ்வு வகை ஒன்றை எழுதி, கடைசியாகக் கண்ட தேதியும் இடமும் சொன்னவரும் அதில் வரட்டும். மரணச் சான்றிதழ் எடுத்திருந்தால் அது 2010ஆம் ஆண்டின் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டத்தின்கீழ் எடுத்ததாக இருக்கலாம். 2016 திருத்தத்துக்குப் பிறகு, மரணம் என்று சொல்லாமல் காணாமற்போனவர் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழும் எடுக்கலாம். எது வீட்டில் இருக்கிறதோ அதைத் தனி நிகழ்வாக, 'சான்றிதழ் வழங்கப்பட்டது' என்று, வழங்கிய தேதியோடு வையுங்கள். சான்றிதழின் தேதியை இறந்த தேதியாக மாற்ற வேண்டாம். வீட்டாரின் சம்மதம் இல்லாமல் எவர் பெயரையும் மரணப் பட்டியலில் ஏற்றுவது கூடாது, அதை மென்பொருள் வசதிக்காகச் செய்யவே கூடாது.

இதன் விளைவு ஒன்றைத் தெரிந்து வைத்திருங்கள். இறப்பு நிகழ்வு இல்லாதவரை கிராம்ப்ஸ், வயது 110 தாண்டும்வரை, உயிரோடு இருக்கக்கூடியவராகவே கணக்கெடுக்கும். ஏற்றுமதியில் உயிரோடிருப்பவர்களை மறைக்கச் சொன்னால் இவர்களின் பெயரும் மறைந்துவிடும். வீட்டுக்குக் கொடுக்கிற பிரதியில் அவர்கள் பெயர் நிற்க வேண்டுமானால் அந்தத் தெரிவை எல்லாரையும் சேர்ப்பதாக மாற்றி, தனிப்பட்டது என்று பூட்டியவற்றை மட்டும் நீக்கச் சொல்லுங்கள். இணையத்தில் போடுகிற பிரதிக்கு இரண்டும் மறையட்டும்.

படுவான்:
பிரதி எடுக்கும்போது கிராம்ப்ஸின் தரவுக் கோப்புறையைப் பென் டிரைவில் நகலெடுத்தால் போதும் என்று இருக்க வேண்டாம். 'பேக்கப்' தெரிவில் படங்களையும் சேர்த்து எடுங்கள். அதற்கு முன் ஊடகத்தின் அடிப்படைக் கோப்புறையைப் பிரிஃபரன்சஸில் குறித்து, படங்கள் எல்லாம் அதற்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். ஜெட்கொம் சொந்தக்காரருக்குக் கொடுக்க மட்டும். மற்றவர் தருகிற ஜெட்கொம்மில் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாக வந்தால், அவர் தமிழைத் தாங்கும் யூ.டி.எப்-8 குறியாக்கத்தைத் தெரிவுசெய்யாமல் ஏற்றுமதி செய்திருக்கிறார். அந்தக் கோப்பில் திருத்த ஒன்றும் மிஞ்சியிருக்காது, திரும்ப எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

வாவிக்கரை:
மச்சான் மச்சாள் கலியாணம் கன இடத்தில் இருக்கிறது. வம்சாவளிப் படத்தில் ஒரே கிழவி மூன்று இடத்தில் வருகிறார். இது பிழையா?

எருவில்பற்று:
பிழையில்லை. கிளைப்படம் ஒவ்வொரு வழிக்கும் அவரைத் திரும்பக் காட்டும். ஒரே ஒருமுறை வர வேண்டுமானால் 'ரிலேஷன்ஷிப் கிராஃப்' அறிக்கையை எடுங்கள், கோடுகள் குறுக்கே போகும், ஆள் ஒன்றுதான். முதலில் தாய்வழி ஒன்றை மட்டும் வடிகட்டி எடுத்தால் பார்க்க லேசு. எழுத்து பெட்டி பெட்டியாக வந்தால் எஸ்.வி.ஜி. ஆக எடுத்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து, தமிழ் உள்ள எழுத்துருவுக்கு மாற்றிவிட்டு அச்சுக்குக் கொடுக்கலாம். அறுநூறு பேரை ஒரே தாளில் கேட்க வேண்டாம். ஏ0 தாள் 841க்கு 1189 மில்லிமீட்டர், அதில் அவ்வளவு பெயரும் வாசிக்கிற அளவில் அடங்காது. குடிக்கு ஒரு தாள் எடுங்கள்.